வட்டுக்கோட்டைச் செமினரியும் ஆராய்ச்சி நெறியும்

கற்றலும் ஆராய்தலும் ஒன்றல்ல. ஆசிரியர் உரைத்ததை மனத்திற் பதித்து, வேண்டியபோது எடுத்துரைப்பது கற்றல். அவர் உரைத்தது எவ்வாறு பெறப்பட்டது, அதற்குச் சான்று யாது, அச்சான்று பிறரொருவர் சோதிக்கும்போதும் நிலைபெறுமா என வினவி விடை காண முயல்வது ஆராய்தல். உயர்கல்வி நிலையத்திற் பயிலும் மாணவனுக்கு முன்னது மட்டும் போதுமா, பின்னதும் வேண்டுமா என்னும் வினா மேலைநாடுகளிலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் வலுப்பெற்று எழுந்தது. 1810ஆம் ஆண்டிற் பேர்லின் நகரிற் பல்கலைக்கழகம் அமைவதற்குக் காரணராயிருந்த வில்லெம் வொன் ஹும்போல்ட் என்பார், ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே உண்மையைத் தேடும் இடமாக அது விளங்கல் வேண்டுமெனக் கருதினார். 1824ஆம் ஆண்டு தொடக்கம் கீசென் என்னும் சிறு நகரில் லீபிக் என்னும் இரசாயன அறிஞர் மாணவரைச் சோதனைச் சாலையில் நிறுத்தி அவர்தம் கையாலேயே சோதனை செய்வித்தார். மாணவனும் ஆராய்ச்சியாளனாகலாம் என்னும் கொள்கை ஐரோப்பாவில் வேரூன்றிய காலம் அதுவாகும்.

ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் ஒரு கல்வி நிலையம் தோன்றிற்று. 1823ஆம் ஆண்டு தொடக்கம் 1855ஆம் ஆண்டு வரை நடைபெற்ற வட்டுக்கோட்டைச் செமினரியே அது. பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இருந்ததில்லை. பல்கலைக்கழகம் என அதனை அழைப்பது பொருந்தாது. எனினும், 1845 தொடக்கம் இலங்கைக் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமெசன் தெனந்து, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்ப வைத்தெண்ணும் தகுதி அதற்குண்டென 1850இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். கட்டிடங்களின் பெருமையால் அம்மதிப்பு அதற்கு வந்ததன்று. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துப் பழைய தேவாலயச் சூழலிலேயே அது இயங்கிற்று. மாணவர் காட்டிய அறிவின் அளவே அம்மதிப்பிற்குக் காரணம்.

இந்நிலையத்தின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. சமயப் பரப்பலின் கருவி என்று சிலரும், நவீன கல்வியின் விடிவெள்ளி என்று சிலரும் அதனைக் கூறுவர். இரு கூற்றிலும் உண்மையுண்டு. ஆயின், இரண்டும் ஆசிரியரை நோக்கியே நிற்கின்றன, மாணவரை நோக்கவில்லை. விஞ்ஞானம், சமயம், கல்வி என்னும் மூன்று துறைகளிலும் அம்மாணவர் பெற்ற ஆராய்ச்சிப் பழக்கம் எவ்வாறு வளர்ந்தது, கற்பித்தோர் எண்ணியிராத திசைகளில் எவ்வாறு சென்றது என்பதை நோக்குதல் வேண்டும். சோதித்து அறியும் முறையை ஒருவருக்குக் கற்பித்தபின், எதனைச் சோதிக்கலாம், எதனைச் சோதித்தலாகாது என்று வரையறுக்கும் உரிமை கற்பித்தவரிடம் எஞ்சுவதில்லை. வட்டுக்கோட்டையின் வரலாறு உணர்த்தும் முதன்மையான உண்மை இதுவே.

அமெரிக்க மிசன் பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். கிராமந்தோறும் பாடசாலைகளையும், தெல்லிப்பழை முதலிய இடங்களில் விடுதிப் பாடசாலைகளையும் நிறுவிய அவர்கள், 1823இல் உயர்கல்விக் கல்லூரியொன்றுக்கான திட்டத்தை வெளியிட்டனர். ஆங்கிலத்தைச் செவ்வனே பயிற்றல், தமிழ் இலக்கியத்தை வளர்த்தல், தெரிந்தெடுத்த சிலருக்கு வடமொழி கற்பித்தல், பூமிசாத்திரம், சரித்திரம், கேத்திரகணிதம், தத்துவம், இயற்கை விஞ்ஞானம் ஆகியவற்றைப் போதித்தல் என்பன அத்திட்டத்தில் அடங்கின. கல்லூரி என்னும் நிலையைப் பெறுதற்கு அரசாங்கத்தின் இசைவு கிடைத்திலது. செமினரி என்னும் பெயரே நிலைத்தது. தானியேல் பூர் முதல் அதிபரானார். 1836 தொடக்கம் ஹென்றி ஹொய்சிங்ரன் அப்பொறுப்பை ஏற்றார்.

பூர் பாதிரியார் கணிதத்தையும் வான சாத்திரத்தையும் பாடத்திட்டத்தின் நடுவில் வைத்தார். இதற்கு ஒரு காரணம் வெளிப்படையானது. புராணங்கள் கூறும் பூகோளமும், இராகு கேதுக்கள் சந்திர சூரியரை விழுங்குகின்றன என்னும் கதையும் நவீன வான சாத்திரத்தோடு பொருந்தா. அப்பொருத்தமின்மையை மாணவர் தாமே கணித்தறிவாராயின், புராணத்தில் வைத்த நம்பிக்கை தளரும். அது தளரவே சமயமும் தளரும் என்பது மிசனரிமாரின் எண்ணம். விஞ்ஞானத்தை வாயிலாகக் கொண்டு சமயத்தினுள் நுழைய அவர்கள் முயன்றனர்.

இதற்கு ஏற்றதொரு வாய்ப்பு 1829ஆம் ஆண்டில் வந்தது. யாழ்ப்பாணத்திற் பஞ்சாங்கம் கணிக்கும் மரபு மிகப் பழையது. அராலியைச் சேர்ந்த இராமலிங்க முனிவர் 1667ஆம் ஆண்டிலேயே பஞ்சாங்கம் கணித்தார் என்பர். அம்மரபில் வந்த விசுவநாத சாத்திரியார் கணிதத்திலும் தமிழ்ப் புலமையிலும் ஒருங்கே சிறந்தவர். 1829 மார்ச்சு 20ஆம் நாள் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைப் பற்றி அவர் கணித்ததற்கும், ஆங்கில முறைப்படி செமினரியிற் கணித்ததற்கும் வேறுபாடு காணப்பட்டது. கிரகணம் தொடங்கும் நேரம், நீடிக்கும் காலம், மறையும் பங்கு ஆகிய மூன்றிலும் இரு கணிப்புக்களும் மாறுபட்டன. பூர் பாதிரியார் இவ்வேறுபாட்டை முன்கூட்டியே பலரறியச் செய்தார். சாத்திரியாரின் கணிப்பே சரியாகும் என நம்பினோர் பலர். அன்றிரவு மக்கள் கூடி வானத்தை நோக்கினர். செமினரியின் கணிப்பே நிகழ்ச்சியோடு ஒத்தது.

மிசனரிமார் இதனைப் பெருவெற்றியாகக் கொண்டனர். ஆயின், அந்த இரவில் உண்மையில் நிகழ்ந்தது யாது என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. சாத்திரியார் இராகுவின் கதையைக் கொண்டு கிரகணத்தைக் கணித்தாரல்லர். பூமியின் நிழலிற் சந்திரன் புகுவதே சந்திர கிரகணம் என்பது சூரிய சித்தாந்தம் முதலாய நூல்களிற் பலநூற்றாண்டுகளுக்கு முன்னரே கூறப்பட்ட உண்மை. பஞ்சாங்கக் கணிதர் புராணத்தை ஒருபுறம் வைத்து, கணிதத்தை மற்றொருபுறம் வைத்துத் தொழில் செய்தோராவர். ஆதலின், கணிதத்திற் சிறு பிழை காணப்பட்டமையால் புராணம் பொய்யாயிற்று என்பதோ, அதனாற் சமயம் வீழ்ந்தது என்பதோ தருக்க நெறிக்கு ஒவ்வாத முடிபாகும்.

கணிதத்திற் பிழை வந்தமைக்குக் காரணமும் அறியத்தக்கது. தென்னாட்டில் வழங்கிய வாக்கிய முறையில், சந்திரனின் நாள்தோறுமுள்ள நிலையை 248 வாக்கியங்கள் தெரிவிக்கும். ஒவ்வொரு வாக்கியத்தின் எழுத்துக்களும் எண்களைக் குறிப்பனவாதலின், வாக்கியங்களை மனனம் செய்த கணிதர் பெரும் அட்டவணையை நாவிலேயே வைத்திருந்தாராவர். சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அந்நிலையை அடைய ஏறத்தாழ இருபத்தேழரை நாள் செல்லும். அத்தகைய ஒன்பது சுற்றுக்கள் 248 நாளுக்கு மிக நெருங்கியவை. ஆனால் முற்றும் ஒத்தவையல்ல. எஞ்சும் சிறு வேறுபாட்டை நீக்கும்பொருட்டு 110 சுற்றுக்கள் கொண்ட 3,031 நாள் வட்டத்தையும் முன்னோர் அமைத்தனர். இத்துணை நுட்பமாக அமைக்கப்பட்ட முறையும், வானத்தை மீண்டும் மீண்டும் நோக்கித் திருத்தப்படாவிடின் காலஞ்செல்லச் செல்ல விலகுவது இயல்பு.

அம்முறையின் வலிமையைக் காட்டும் சான்றுகளும் உண்டு. வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண இந்தியப் பெருங்கடற் பகுதிக்கு வந்த பிரெஞ்சு அறிஞர் லெ சாந்தீல், 1768இற் புதுச்சேரியை அடைந்து, தமிழ்க் கணிதரிடம் கிரகணக் கணிப்பு முறையை அறிந்தார். 1765 ஓகத்து 30ஆம் நாட் சந்திர கிரகணம் நீடித்த காலம் தமிழ் முறையால் 41 விநாடி குறைவாகவும், அக்காலத்து ஐரோப்பாவிற் புகழ்பெற்றிருந்த மாயரின் அட்டவணையால் 68 விநாடி மிகையாகவும் வந்தமையை அவர் கண்டார். அந்த ஒரு கிரகணத்தை அளவாகக் கொண்டால் தமிழ்க் கணிதர் வென்றாராவர். மற்றொரு சான்று 1825ஆம் ஆண்டுக்குரியது. சோழிகளைத் தரையிற் பரப்பி, மனனம் செய்த வாய்பாடுகளின் துணையால் ஒரு தமிழ்க் கணிதர் சந்திர கிரகணமொன்றைக் கணித்தமையை யோன் வாறன் என்னும் அலுவலர் குறித்துள்ளார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 5 நிமிடமுமே பிழை இருந்தது. பழைய விஞ்ஞான வரலாற்றில் வல்லுநரான நொய்கபவர் 1952இல் இதனை ஆராய்ந்து, தொன்மையான கணித மரபொன்று அறாது வந்தமைக்கு இது அரிய சான்று எனக் கண்டார்.

ஆகவே, ஒரு கிரகணம் ஒரு நாட்டின் அறிவை நிறுவவும் போதாது, வீழ்த்தவும் போதாது. வட்டுக்கோட்டை மாணவன் கையாண்ட அட்டவணைகளும் அவன் தானே கண்டவையல்ல. கிரீனிச்சு முதலிய வான்காட்சி நிலையங்களில் அறிஞர் பல்லாண்டு நோக்கித் தந்தவற்றை அவன் நம்பி ஏற்றான். சாத்திரியார் தம் முன்னோர் தந்த வாக்கியங்களை நம்பி ஏற்றார். சைவ சித்தாந்தத்தார் கூறும் அளவைகளைக் கொண்டு சொல்லின், இருவர்க்கும் உரையளவையே அடிப்படை. வேறுபாடு எங்கேயெனின், கிரீனிச்சின் உரை காட்சியளவையால் இடையறாது திருத்தப்பட்டு வந்தது. யாழ்ப்பாணத்து உரை அங்ஙனம் திருத்தப்படாது நின்றது. இதுவும் நம் மரபிற்குப் புறம்பான கருத்தன்று. கேரளத்துப் பரமேசுவரர் என்னும் கணிதர் பல்லாண்டுகளாகக் கிரகணங்களை நேரில் நோக்கி, 1431ஆம் ஆண்டில் திருக்கணிதம் என்னும் முறையை வகுத்தார். கண்ணாற் கண்டதற்கு இயைந்த கணிதம் என்பதே அச்சொல்லின் பொருள். யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கத்தோடு திருக்கணித பஞ்சாங்கமும் பின்னர் வழக்கிற்கு வந்தமை, 1829இல் எழுந்த வினாவிற்கு நம் மரபினுள்ளேயே விடை இருந்தது என்பதைக் காட்டும்.

செமினரி மாணவர் வான சாத்திரத்திற் புதிய உண்மை கண்டு புகழ்பெற்றாரல்லர். அவர் பெற்ற பயன் வேறு. இருவேறு கூற்றுக்கள் மாறுபடும்போது, கூறுவோரின் பெருமையை நோக்காது, அனைவரும் காணத்தக்க சோதனையொன்றைக் குறித்து, அதன் முடிவுக்கு இருதிறத்தாரும் கட்டுப்படுதல் என்னும் ஒழுங்கை அவர் கண்ணாரக் கண்டனர். 1841 சனவரியில் வெளிவரத் தொடங்கிய 'உதயதாரகை' என்னும் பத்திரிகையை முதலில் நடத்திய ஹென்றி மாட்டின், சேத் பேசன் இருவரும் செமினரியிற் கற்றோரே. தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்த அப்பத்திரிகையில் விஞ்ஞானம், கல்வி, இலக்கியம், சமயம் ஆகியன பற்றிய கட்டுரைகள் இடம்பெற்றன. மிசனின் பத்திரிகையேயாயினும், எதிர்க்கருத்துடையோரின் கடிதங்களும் அதில் வந்தமையால், மண்டபத்துள் நிகழ்ந்த விவாதம் ஊரறிய நிகழலாயிற்று. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1850இல் 'நியாய இலக்கணம்' என்னும் தருக்க நூலைத் தமிழில் எழுதினார். கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் 'வீசகணிதம்' என்னும் நூலை வெளியிட்டார். ஆங்கிலத்திற் கற்றதைத் தாய்மொழியிற் சிந்தித்து எழுத முற்பட்ட முதல் தலைமுறை இதுவாகும்.

விஞ்ஞானத்தினின்றும் சமயத்திற்கு வருமிடத்து, இப்பழக்கம் இருபுறமும் கூரான வாள் போன்றதாயிற்று. புராணங்களை ஆராய்ந்து குறை காணுமாறு பழக்கப்பட்ட அறிவு, விவிலியத்தையும் அவ்வாறே ஆராய முற்படுவது இயல்பே. மாற்றார் கொள்கையை முதலில் அவர்தம் கூற்றாகவே எடுத்துரைத்து, பின்னர் மறுத்து, அதன்பின் தம் கொள்கையை நிறுவும் முறை சைவர்க்குப் புதியதன்று. சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் எனப் பகுக்கப்பட்டிருப்பதே இதற்குச் சான்று. 1842ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவர் கூடி, வேதாகமங்களைக் கற்பிக்கும் பாடசாலையொன்றின் தேவையை ஆராய்ந்தனர். ஆறுமுக நாவலர் வட்டுக்கோட்டையிற் கற்றவரல்லர். யாழ்ப்பாணம் உவெசிலியன் மிசன் மத்திய பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைசெய்தவர். விவிலியத்தைச் சொற்சொல்லாக நோக்கும் வாய்ப்பு அவருக்கு அப்பணியாற் கிடைத்தது. 1847 திசெம்பர் 31ஆம் நாள் வண்ணைச் சிவன் கோயிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1854இல் வெளிவந்த 'சைவதூஷண பரிகாரம்' என்னும் நூலில், சைவக் கிரியைகளை இகழ்ந்தோருக்கு, விவிலியத்தின் பழைய ஏற்பாட்டிலுள்ள ஆலய வழிபாட்டு விதிகளையே சான்றாகக் காட்டி விடையிறுத்தார். நூலோடு நூலை ஒப்புநோக்கி உண்மை காணும் முறை இங்கே முழு வளர்ச்சி பெற்றமை காணலாம்.

மாற்றம் மாணவரோடு நின்றதுமன்று. அதிபர் ஹொய்சிங்ரன் இதற்குச் சிறந்த உதாரணமாவார். 1848இல் அவர் வெளியிட்ட வான சாத்திர நூல், தமிழ் மரபின் கணித முறையைத் தமிழிலேயே தந்து, ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் சேர்த்து அமைந்தது. மறுத்தற்கேனும் முதலில் முற்றக் கற்றல் வேண்டும் என்னும் நேர்மை அதிற் காணப்படுகின்றது. அவர் அவ்வளவில் நின்றாரல்லர். தத்துவக் கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்திற் பெயர்த்தார். அவை அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் 1850களில் வெளிவந்தன. மேலைநாட்டு அறிஞர் சைவ சித்தாந்த சாத்திரங்களை முதன்முதலாக அறிதற்கு வாயிலாயமைந்தவற்றுள் அவை குறிப்பிடத்தக்கவை. சைவத்தை மாற்ற வந்தவர் சைவத்தின் தத்துவத்தை உலகிற்கு அறிவித்தவரானார். ஆராய்ச்சி, கற்பித்தவரையும் தன்வழியே இழுத்துச் செல்லும் ஆற்றலுடையது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவது துறை கல்வி. செமினரியின் வாழ்வையும் முடிவையும் தீர்மானித்தது எம்மொழியில், எந்நோக்கத்தோடு கற்பிப்பது என்னும் வினாவே. ஆங்கிலக் கல்வி மாணவரைச் சிந்திக்கச் செய்தது, உத்தியோகத்திற்கும் தகுதியுடையராக்கிற்று. கற்றுத் தேர்ந்தோர் பலர் அரசாங்க அலுவலகங்களுக்கும், இந்தியாவின் பல பாகங்களுக்கும் சென்றனர். போதகராகுமாறு பயிற்றப்பட்டோர் எழுதுவினைஞராயும் ஆசிரியராயும் போயினர் என்பது மிசனின் மனக்குறை. 1855இல் அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழுவின் தலைவர் றூபஸ் அண்டர்சன், மிசனின் பணத்தையும் உழைப்பையும் தாய்மொழி வாயிலாகச் செய்யும் சமயப்பணிக்கே செலவிடல் வேண்டும் என்னும் கொள்கையுடையவர். அக்கொள்கையின்படி அவ்வாண்டிற் செமினரி மூடப்பட்டது.

தாய்மொழிக் கல்வி என்னும் உயரிய கொள்கையின் பெயரால் உயர்கல்வி நிலையமொன்று மூடப்பட்டமை சிந்தித்தற்குரியது. அண்டர்சன் விரும்பிய தாய்மொழிக் கல்வி எளிய கல்வி. சமய நூலை வாசித்து விளங்குமளவு போதிய கல்வி. தமிழில் உயர்ந்த விஞ்ஞானத்தைக் கற்பித்தல் அவர் நோக்கமன்று. ஆயின் அதே மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தாய்மொழிக் கல்வி எத்துணை உயரத்தை எட்டக்கூடும் என்பதைச் செய்து காட்டினார். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அவர், அறுபதுக்கு மேற்பட்ட மாணவரை மருத்துவராக்கினார். 1860கள் தொடக்கம் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலாய துறைகளில் தமிழ்நூல்கள் வெளிவந்தன. இரசாயனத்தைக் கூறும் 'கெமிஸ்தம்' 1875இல் வெளிவந்தது. இந்நூல்களை மொழிபெயர்ப்பதில் அவருடைய மாணவர் பெரும்பங்கு கொண்டனர். கலைச்சொல் ஒவ்வொன்றையும் தமிழில் உள்ளதா, வடமொழியிற் கொள்வதா, ஆங்கிலத்தையே எழுத்துப்பெயர்ப்பதா என ஆய்ந்து துணிந்த அப்பணி தன்னளவிலேயே ஓர் ஆராய்ச்சியாகும். ஆங்கிலமா தமிழா என்பதன்று முதன்மையான வினா. கற்பிக்கப்படுவது உயர்கல்வியா அன்றா என்பதே முதன்மையான வினா என்பதைக் கிறீன் நன்குணர்ந்திருந்தார்.

செமினரியின் குறைகளை மறைத்தல் வரலாற்றுக்கு அழகன்று. அதிற் கற்றோரிற் பெரும்பாலோர் நிலமும் குலச்செல்வாக்கும் உடைய குடும்பத்தினர். பெண்களுக்கு அங்கே இடமிருந்ததில்லை. அவர்க்கென 1824இல் உடுவிலில் விடுதிப் பாடசாலை தோன்றிற்றாயினும், வட்டுக்கோட்டையின் உயர்கல்வி அங்கே எட்டவில்லை. எதனை ஆராயலாம் என்பதற்கும் வேலி இருந்தது. புராணத்தை வினவிய மாணவன் பாராட்டப்பட்டான். அதே துணிவோடு விவிலியத்தை வினவுவோனுக்கு அப்பாராட்டை எதிர்பார்க்க இயலாது. செமினரி மூடப்பட்டமையும் இவ்வேலியோடு தொடர்புடையதே. மாணவர் அறிவிற் சிறந்தும், நிறுவியோர் எதிர்பார்த்த அளவிற் சமயப்பணிக்கு வாராமையால், அறிவின் சிறப்பே குறையாகக் கருதப்பட்டது.

வேலியைக் கடந்து சென்ற ஆராய்ச்சியின் முழுப்பயனைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் வாழ்விற் காணலாம். 1832இற் பிறந்த அவர் செமினரியிற் கற்று, பின்னர்ச் சென்னைக்குச் சென்றார். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையுமாவர். இருவரும் வட்டுக்கோட்டை மாணவர். இருவரும் பிற்காலத்திற் சைவராய் வாழ்ந்தோர். மிசன் கைவிட்ட கல்வியின் தரத்தை மற்றொரு நாட்டுப் பல்கலைக்கழகம் இவ்வாறு உறுதிசெய்தது.

தாமோதரம்பிள்ளை செய்த பணி வானத்தைப் பற்றியதன்று. செல்லரித்து அழியும் ஏடுகளைப் பற்றியது. 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டார். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் களவியல், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இற் கலித்தொகை என அரிய நூல்கள் அவர் முயற்சியால் அச்சேறின. பல இடங்களிலிருந்து ஏடுகளை வருவித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பாடவேறுபாடு நோக்கி, பொருந்துவது இதுவெனத் துணிந்து அச்சிடும் முறையை அவர் கையாண்டார். அரசாங்க உத்தியோகமும் பின்னர் நீதிபதிப் பதவியும் வகித்த காலத்திலும் இப்பணியை விட்டாரல்லர்.

இம்முறைக்கும் 1829ஆம் ஆண்டுக் கிரகண இரவிற்கும் உள்ள உறவு உற்று நோக்குவார்க்குப் புலப்படும். ஏடெழுதினோனின் பெருமையை நோக்காது, ஏட்டை ஏட்டோடு வைத்துச் சோதித்தல். ஐயத்திற்கிடமானதை மறைக்காது கூறல். அச்சிட்டு உலகின்முன் வைத்து, பிழை கண்டோர் திருத்துமாறு விடுதல் ஆகிய இவை கணித வகுப்பிற் பெறும் பழக்கங்களே. உரையாசிரியர் காலந்தொட்டு வந்த தமிழ்ப் புலமையும் புதிதாக வந்த சோதனை நெறியும் அவரிடத்தில் ஒன்றுகூடின. நிறுவியோர் புராணத்தை வீழ்த்தக் கொடுத்த கருவி, தொல்காப்பியத்தைக் காத்தற்கு உதவிற்று. செமினரியில் ஆசிரியராயும் விளங்கிய ஆணல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டித் தந்தது. அவர் கிறித்தவராகவே வாழ்ந்தவர். சமயம் வேறாயினும் ஆராய்ச்சி நெறி ஒன்றாயிருத்தல் கூடும் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

செமினரி மூடப்பட்டபோது அதன் கதை முடிந்ததெனப் பலர் எண்ணியிருத்தல் கூடும். ஆயின் பழைய மாணவரின் இடையறா முயற்சி பெருந்துணையாக, 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றிற்று. மற்றொரு கிளை எவரும் எதிர்பாராத இடத்தில் வேர்விட்டது. 'நியாய இலக்கணம்' எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தம் முதுமைக் காலத்தில், 1880களில், யாழ்ப்பாண நகரில் ஓர் ஆங்கிலப் பாடசாலையை நிறுவினார். அப்பாடசாலை சைவ அன்பர்களின் கைக்கு மாறி, 1890இற் சைவபரிபாலன சபையின் பொறுப்பில் வண்ணார்பண்ணையில் அமைந்து, பின்னர் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாயிற்று. அவர் மைந்தர் நெவின்ஸ் செல்வத்துரை அக்கல்லூரியின் அதிபராக நெடுங்காலம் பணியாற்றினார். மிசனரிமார் தருக்கம் கற்பித்த மாணவனின் முயற்சியிலிருந்து இந்துக் கல்லூரியொன்று முளைத்தது.

இதனை வெற்றி தோல்வி என்னும் சொற்களால் அளப்பது பொருந்தாது. வினவுதற்குக் கற்பித்தோர் நன்றிக்குரியர். அவர் வகுத்த எல்லையைக் கடந்து வினவியோரும் நன்றிக்குரியர். இன்று ஆய்வுகூடத்தில் நிற்கும் மாணவனும், ஏட்டுச்சுவடியை விரிக்கும் மாணவனும், சமயநூலின் சொற்பொருளை நாடும் மாணவனும் ஒரே நெறியில் நிற்போராவர். தாம் நம்புவதையும் சோதனைக்கு உட்படுத்தும் நேர்மை அந்நெறியின் முதற்படி. அந்நேர்மையைத் தன் மாணவரிடத்தில் அஞ்சாத கல்விநிலையமே பல்கலைக்கழகம் என்னும் பெயர்க்கு உரியது. பட்டம் வழங்கும் உரிமை அதற்குப் பின்னர் வருவது.